தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள்: முகாமும் நாடக வரிசையும்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டு நகரங்களில் மக்களை இரவு முழுக்கக் கட்டிப்போட்ட கலை கம்பெனி நாடகம். ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், பல வயது நடிகர்கள், ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பவர்கள், சீன் கட்டுபவர்கள், சமையற்காரர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு ரயிலில் வந்து இறங்கும். ஊரில் கொட்டகை பிடித்து, சில வாரங்களோ சில மாதங்களோ நாடகம் நடத்திவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படும். இப்படி ஓர் ஊரில் தங்கி நடத்துவதற்கு முகாம் என்று பெயர்.

முகாம் என்றால் ஒரே நாடகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வரவேண்டிய நடுத்தர ஊர்களில், இன்று வள்ளி திருமணம், அடுத்து கோவலன், அதற்கடுத்து பவளக்கொடி என்று நாடகம் மாறிக்கொண்டே இருந்தால்தான் வசூல் நிற்கும். எந்த நேரமும் மேடையேற்றக்கூடிய பல நாடகங்களைக் கம்பெனி கையில் வைத்திருக்க வேண்டும். தமிழ் நாடகத்தின் எழுத்து, இசை, பயிற்சி, காட்சியமைப்பு எல்லாவற்றையும் வடிவமைத்தது இந்தத் தேவைதான். கம்பெனிகள் மறைந்த பிறகும் அவற்றின் நாடகங்கள் நிலைத்ததற்குக் காரணமும் இதுவே.

தோற்றம்

கம்பெனிகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் தெருக்கூத்து இருந்தது. விலாசம், கீர்த்தனை என்ற பெயரில் இசை நாடக நூல்களும் இருந்தன. கூத்துக்குக் கட்டணம் இல்லை. கோயில் திருவிழாவை ஒட்டி, ஊர்ப் பொதுவில், திறந்த வெளியில் நடக்கும். டிக்கெட், மேடை, எழுதிய திரை, திரைக்குப் பின்னால் பக்கத் தட்டிகள் ஆகிய புதிய ஏற்பாடுகள் பம்பாயிலிருந்து தென்னாட்டுக்குப் பயணம் வந்த பார்சி நாடகக் குழுக்கள் வழியாகவும், மராத்தி நாடகக்காரர்கள் வழியாகவும் வந்தன. பார்சிக் குழுக்களின் பளபளப்பான உடைகளும், ஒரு நொடியில் அரண்மனையைக் காடாக்கும் சீன்களும், துள்ளும் இந்துஸ்தானி மெட்டுகளும் இங்கிருந்தவர்களின் மனத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்த முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ். அவருடைய மனமோகன நாடகக் கம்பெனி புராணக் கதைகளைப் புதிய மேடையில் நடத்தியது. அதன் வழியில் கல்யாணராமய்யர் போன்றோரின் கம்பெனிகள் தோன்றின. கும்பகோணத்தில் பாலாமணி அம்மையார் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திப் பெரும் புகழ் பெற்றார். பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலத்தில், ஒரு பெண் முதலாளியாகவும் நடிகையாகவும் நின்று கம்பெனி நடத்தியது தமிழ் நாடக வரலாற்றில் தனித்து நிற்கும் சாதனை.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு நீரோட்டம் எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் படித்த இளைஞர்களும் தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் நடித்த சபை அது. சம்பந்த முதலியார் 90க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவருடைய மனோகரா, சபாபதி போன்றவை உரைநடை வசனத்தை மேடைக்குக் கொண்டுவந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்று தமிழாக்கினார். பாட்டைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, ஒழுங்கை வலியுறுத்தியது அந்தச் சபை. ஆனால் அதன் களம் பெரிதும் சென்னைதான். மற்ற ஊர்களில் நாடகம் என்றால் தொழில்முறைக் கம்பெனிதான்.

சங்கரதாஸ் சுவாமிகள்

தொழில்முறைக் கம்பெனிகளுக்கு நிலையான நாடகப் பிரதிகளைத் தந்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் படித்தவர். உப்பளத்தில் கணக்கராகச் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 24ஆம் வயதில் நாடகத் துறைக்கு வந்தார். தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று அச்சமூட்டும் வேடங்களில் நடித்துப் பெயர் எடுத்தார். பிறகு வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியராக நின்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்கு உரியவராகித் தாளத்தின் நுட்பங்களை அறிந்துகொண்டார். அவருடைய பாட்டுகளின் சந்த ஓட்டத்தில் அந்தப் பழக்கம் தெரியும்.

அவர் வருவதற்கு முன் கம்பெனி நாடகங்களில் பாட்டுக்கு எழுத்து வடிவம் இருந்தது. வசனம் பெரும்பாலும் நடிகரின் வாய்ச் சாமர்த்தியம். இரு நடிகர்கள் மேடையிலேயே போட்டி போட்டுக்கொண்டு கதையை எங்கோ இழுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. சுவாமிகள் வெண்பா, விருத்தம், தர்க்கப் பாட்டு, வசனம் என்று அனைத்தையும் காட்சி வாரியாக எழுதிக் கட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, பிரகலாதன், சுலோசனா சதி உட்பட 40க்கும் மேற்பட்ட நாடகங்களை ஆக்கினார். அபிமன்யு சுந்தரி நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

இந்த நாடகங்கள் ஒரு கம்பெனியின் தனிச்சொத்தாக அடைபட்டுக் கிடக்கவில்லை. சுவாமிகளிடம் பயின்றவர்கள் கம்பெனி மாறும்போது பாடமும் அவர்களோடு போயிற்று. இருபதாண்டுகளுக்குள் மதுரையில் வள்ளி வேடம் கட்டும் நடிகரும் சேலத்தில் முருகன் வேடம் கட்டும் நடிகரும் ஒரே பாட்டை, ஒரே தர்க்கத்தை, ஒரே வரிசையில் அறிந்திருந்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான நாடக வரிசை ஒன்று உருவாகிவிட்டது.

பாலர் கம்பெனிகள்

பெரிய நடிகர்களின் குடியும் முன்பணத் தகராறும் சொன்ன நேரத்துக்கு வராத பழக்கமும் கம்பெனிகளை அடிக்கடி முடக்கின. சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கினால் கட்டுப்பாடு இருக்கும் என்ற எண்ணத்தில் பாலர் கம்பெனிகள் தோன்றின. மக்கள் இவற்றை பாய்ஸ் கம்பெனி என்றார்கள். சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அமைந்தது. ஜெகந்நாதய்யரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. பெயர்களில் மதுரை திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. நடிகர்களும் வாத்தியார்களும் பாட்டுக்காரர்களும் அதிகமாகக் கிடைத்த ஊர் மதுரைதான்.

ஏழு, எட்டு வயதிலேயே பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் வறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பெற்றோருக்குச் சிறு சம்பளம் போகும். பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோறும் உடுப்பும் கிடைக்கும். முகாம் போட்ட ஊரில் வாடகைக்கு எடுத்த கம்பெனி வீடுதான் அவர்களுக்குப் பள்ளியும் இல்லமும். இரவு நாடகம் முடிந்து தூங்கி எழுந்ததும் பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம், ஒத்திகை. வாத்தியார் சொல்லச் சொல்ல நெட்டுருப் போடுவதுதான் முறை. எழுதப் படிக்கத் தெரியாத பையனும் ஐந்தாறு நாடகங்களை முழுமையாக நினைவில் வைத்திருப்பான். பாடம் தவறினால் அடி விழும். வெளியாருடன் பேசத் தடை இருக்கும். திருட்டுத்தனமாக வேறு கம்பெனிக்கு ஓடிப்போவதும் பிடித்து வருவதும் அன்றாடச் செய்தி.

பெண் வேடங்களையும் பிள்ளைகளே கட்டினார்கள். உருண்டை முகமும் மெல்லிய குரலும் உள்ள பையன் ஸ்திரீபார்ட். நிமிர்ந்த நடையும் கணீர்க் குரலும் இருந்தால் ராஜபார்ட். சிறு வேடங்களுக்கு பாலபார்ட். திருடன், வில்லன் வேடங்களுக்குக் கள்ளபார்ட். இந்தப் பகுப்பு ஒரு நாடகத்துக்கு மட்டும் உரியதல்ல. எந்த நாடகத்தை எடுத்தாலும் யாருக்கு எந்த வேடம் என்று உடனே சொல்லிவிடும் ஏற்பாடு அது. நாள்தோறும் நாடகம் மாறும் முகாமுக்கு அது இன்றியமையாததாக இருந்தது.

பிள்ளைகளின் பெரிய பயம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது நேற்றுவரை கைத்தட்டல் வாங்கிய ராஜபார்ட்டால் ஒரு விருத்தத்தைக்கூட முடிக்க முடியாது. கதாநாயகன் ஒரே மாதத்தில் கூட்டத்தில் நிற்கும் சேவகனாகிவிடுவான். சிலருக்குக் குரல் திரும்பியது; பலர் கம்பெனியைவிட்டு வெளியேறினார்கள். பாட்டே நாடகத்தின் உயிராக இருந்த முறையில், குரல் போனவனுக்கு இருந்த வழி நடிப்பையும் நகைச்சுவையையும் பற்றிக்கொள்வதுதான்.

இந்தக் கடும் பயிற்சியிலிருந்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் நீளமானது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பா, எம்.ஜி. சக்கரபாணி, எம்.ஜி. ராமச்சந்திரன், காளி என். ரத்தினம்; ஜெகந்நாதய்யர் கம்பெனியில் நவாப் ராஜமாணிக்கம், எம்.ஆர். ராதா, கே. சாரங்கபாணி; சுவாமிகளின் மாணவர்களான டி.கே.எஸ். சகோதரர்களிடம் என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம்; யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிவாஜி கணேசன். பின்னாளில் தமிழ் சினிமாவை நடத்திய தலைமுறை ஏறத்தாழ முழுவதுமே கம்பெனி வீட்டில் வளர்ந்தது.

முகாமின் நடைமுறை

ஒரு முகாமின் வேலை கம்பெனி வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். மேனேஜரோ ஏஜென்டோ முன்கூட்டிச் சென்று கொட்டகை, கம்பெனி வீடு, போலீஸ் அனுமதி ஆகியவற்றை ஏற்பாடு செய்வார். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டப்படி, ஆட்சேபத்துக்குரியது என்று அரசு கருதும் நாடகத்தைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இருந்தது. சில ஊர்களில் உள்ளூர்க் கண்டிராக்டர் ஒருவர் இத்தனை நாடகத்துக்கு இவ்வளவு தொகை என்று பேசிக் கம்பெனியை அழைத்துவருவார். வசூலில் வரும் லாபநட்டம் அவரைச் சேரும். மற்ற ஊர்களில் கம்பெனியே சொந்தப் பொறுப்பில் நடத்தும்.

கொட்டகை பெரும்பாலும் தென்னங்கீற்றும் மூங்கிலும். ஒருபக்கம் உயர்ந்த மேடை. மேடையை ஒட்டி நாற்காலிகள், அடுத்து பெஞ்சு, கடைசியில் தரை. பெண்களுக்குத் தனிப் பகுதி. தீ பிடிக்கும் ஆபத்து எப்போதும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகை ஒழுகும். தரை டிக்கெட் வசூல் படுத்துவிடும். நாடகம் நடக்காவிட்டாலும் அத்தனை பேருக்கும் சோறு போட்டாக வேண்டும். மழைக்காலத்தில் ஒரே ஊரில் மாட்டிக்கொண்டு, ரயில் கட்டணத்துக்கு வழியில்லாமல் சீன்களையும் உடைகளையும் அடகு வைத்து, கடைசியில் கலைந்துபோன கம்பெனிகள் பல. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களையும், ஊர்த் திருவிழா நாட்களையும் பார்த்து முகாமைத் திட்டமிடுவது முதலாளியின் முதல் திறமை.

விளம்பரத்துக்கு நோட்டீஸ்தான். பாண்டு வாத்தியம் முழங்க வண்டி ஒன்று தெருத்தெருவாகச் சுற்றும்; வண்டியிலிருந்து வண்ணத் தாள் நோட்டீஸை வீசுவார்கள்; பிள்ளைகள் பின்னால் ஓடிப் பொறுக்குவார்கள். நாடகத்தின் பெயர், முக்கிய நடிகர்கள், அன்றைய சிறப்புக் காட்சி, டிக்கெட் விலை, அடுத்த நாடகம் எது என்ற முன்னறிவிப்பு எல்லாம் அதில் இருக்கும். நாடகம் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி நடுநிசியைத் தாண்டும்.

நாடகங்களை அடுக்குவதில் ஒரு கணக்கு இருந்தது. முதல் நாள் நாடகம் கம்பெனியின் முழு பலத்தையும் காட்டவேண்டும். ஊரில் நல்ல பேச்சு பரவ வேண்டும். பிறகு பக்திக் கதை, வீரக் கதை, அழுகைக் கதை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். நல்லதங்காளும் அரிச்சந்திராவும் பெண்கள் கூட்டத்தை இழுக்கும். வசூல் இறங்கும் நாளில் புது நாடகம் இறங்கும். முகாம் முடியும் தறுவாயில் நடிகர் அல்லது வாத்தியார் ஒருவருக்காக வசூலை ஒதுக்கி பெனிபிட் நாடகம் நடத்துவதும் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் அன்று மேடையேறிப் பதக்கமும் பொன்னாடையும் அணிவிப்பார்கள்.

பெரிய கம்பெனிகள் கடல் கடந்தும் முகாம் போட்டன. கொழும்பு, யாழ்ப்பாணம், ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வேலைக்கும் வணிகத்துக்கும் சென்று குடியேறிய தமிழர்கள் இவற்றுக்குக் கூட்டமாக வந்தார்கள். அங்கே கிடைத்த வசூலால் ஊர் திரும்பிப் புதிய சீன்கள் வாங்கிய கம்பெனிகளும் உண்டு.

பாட்டும் காட்சியும்

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவருக்கும் பாட்டு கேட்கவேண்டும். அதனால் நடிகர்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உச்ச சுருதியில் பாடினார்கள். ஆர்மோனியக்காரர் நடிகருக்குத் துணையாக மட்டும் இராமல் எதிரணியாகவும் நின்றார். பக்கப்பாட்டுப் பாடி நடிகரைத் தூண்டி, சுர வரிசைகளில் அவரோடு மோதுவார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் கதை நின்று பாட்டு மறுபடி ஒலிக்கும். இறந்து கிடந்த பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வதும் நடந்தது. மேடையில் பாடிய உருப்படிகள் மறுநாள் தெருவில் ஒலித்தன. கிராமபோன் இசைத்தட்டுகள் வந்ததும் அவை வீடுகளுக்குள்ளும் போயின.

இந்தப் பாட்டு மரபின் உச்சம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்தவர், சிறு வயதில் சுவாமிகளின் சபையிலும், பிறகு கன்னையா கம்பெனியிலும் பாடி நடித்தார். முறையான கச்சேரி வித்துவான்களும் அவருடைய பாட்டைக் கேட்கக் கொட்டகைக்கு வந்தார்கள். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அவரும் 1920களின் நடுவில் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். அந்த இணை தமிழ்நாடெங்கும் கொட்டகைகளை நிரப்பியது. 1933இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாள் அதன்பின் ஆண் நடிகர் எவருக்கும் இணையாக நடிக்கவில்லை.

கன்னையா கம்பெனியின் பெருமை பாட்டோடு காட்சியிலும் இருந்தது. தசாவதாரம் நாடகத்துக்கு அதன் முதலாளி கன்னையா செய்த சீன்களும் நகைகளும் உடைகளும் ஊர் ஊராகப் பேசப்பட்டன. அடுத்த தலைமுறையில் அந்த வழியைப் பெரிதாக்கியவர் நவாப் ராஜமாணிக்கம். ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடம் கட்டியதால் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது. அவருடைய தேவி பால விநோத சங்கீத சபை, தந்திரக் காட்சிகளுக்கும் கடுமையான ஒழுக்கத்துக்கும் பெயர் பெற்றது. ஐயப்பன், ஏசுநாதர், தசாவதாரம் ஆகிய நாடகங்களை அவர் பெருஞ்செலவில் நடத்தினார். சபரிமலைப் பயணம் தமிழ்நாட்டில் பரவியதில் அவருடைய ஐயப்பன் நாடகத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. பின்னாளில் திரையில் வில்லனாகவும், வாழ்க்கையில் ஐயப்ப பக்தராகவும் பெயர் பெற்ற எம்.என். நம்பியார் அவருடைய கம்பெனியில் வளர்ந்தவர்.

சமூக நாடகங்களும் தேசியமும்

1920களில் புராண வரிசைக்குப் பக்கத்தில் புதிய வரிசை ஒன்று சேர்ந்தது. எம். கந்தசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், சந்திரகாந்தா போன்ற துப்பறியும் நாவல்களை மேடைக்கு மாற்றினார். கோட்டும் தொப்பியும் போட்ட பாத்திரங்கள், அன்றாடப் பேச்சு, போலீஸ், கோர்ட்டு என்று கம்பெனி மேடையில் சமகால வாழ்க்கை நுழைந்தது. குரல் உடைந்த நடிகர்களுக்கும் இது மறுவாழ்வு தந்தது. வசனம் பேசத் தெரிந்தால் போதும். விருத்தம் பாட வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தை முழுமையாக்கியவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். பெண் வேடங்களில் புகழ்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர் 1918இல் சுவாமிகளின் சபையில் பிள்ளைகளாகச் சேர்ந்தவர்கள். 1925இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சுவாமிகளின் நாடகங்களோடு, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா, வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவி முத்துசாமி எழுதிய குமாஸ்தாவின் பெண் ஆகியவற்றையும் நடத்தினார்கள். வரதட்சணையும் வறுமையும் ஒரு குமாஸ்தாவின் வீட்டை எப்படிக் குலைக்கின்றன என்று காட்டிய அந்த நாடகம் நடுத்தர வர்க்கத்தைக் கொட்டகைக்கு அழைத்து வந்தது. 1940களில் ஔவையார் நாடகத்தில் சண்முகம் கிழவி வேடத்தில் நடித்து ஔவை சண்முகம் ஆனார்.

விடுதலைப் போராட்டமும் மேடையில் ஒலித்தது. வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் தேசபக்தி என்ற பெயரில் நடந்தது. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுகள் புராண நாடகங்களுக்குள் புகுந்தன. இந்தப் பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தில், வெள்ளையரைக் கொக்காக்கிப் பாடும் பாட்டு வரும். போலீசார் கொட்டகையிலேயே காத்திருப்பார்கள். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

கம்பெனிகளின் மறைவு

1931இல் காளிதாஸ் என்ற பேசும்படம் வந்தது. தமிழ்ப் பேசும்படங்களின் முதல் பத்தாண்டுகளில் கதையும் பாட்டும் நடிகர்களும் கம்பெனிகளிலிருந்தே போயின. 1934இல் வெளிவந்த பவளக்கொடி, 1935இல் வெளிவந்த மேனகா ஆகியவை மேடையில் ஓடிய நாடகங்கள்தாம். ஒரு முகாமில் பல மாதம் சம்பாதிப்பதை நடிகர் ஒரு படத்தில் சம்பாதித்தார். கொட்டகைகள் திரையரங்குகளாயின. நாடகத்தைவிடக் குறைந்த கட்டணத்தில் நாளுக்கு இரண்டு மூன்று காட்சி காட்டும் படத்தோடு, ஐம்பது அறுபது பேருக்குச் சோறு போடும் கம்பெனியால் போட்டியிட முடியவில்லை.

ஆனாலும் 1940கள் கம்பெனி நாடகத்தின் வலிமையான காலங்களுள் ஒன்று. எஸ்.டி. சுந்தரத்தின் கவியின் கனவு நாடகத்தை சக்தி நாடக சபா பெரும் வரவேற்போடு நடத்தியது. 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். திராவிட இயக்கம் மேடையைப் பிரசாரக் களமாக்கியது. சி.என். அண்ணாதுரையின் வேலைக்காரி கே.ஆர். ராமசாமியின் குழுவால் நடத்தப்பட்டது. அண்ணாதுரையின் சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் நாடகத்தில் நடித்த வி.சி. கணேசனுக்கு பெரியார் சிவாஜி என்று பெயர் சூட்டினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் எம்.ஆர். ராதாவை மேடையின் அசைக்க முடியாத நாயகனாக்கியது. ராதாவின் நாடகங்கள் கிளப்பிய பரபரப்பின் பின்னணியில் 1954இல் சென்னை அரசு புதிய நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

இவற்றில் ஒரு வேறுபாடு தெரிந்தது. பழைய முறையில் ஒரு முகாமுக்குப் பத்து இருபது நாடகங்கள் தேவைப்பட்டன. புதிய முறையில் ஒரே நாடகம் பல வாரம் ஓடியது. வரிசை சுருங்கியதும் அத்தனை நடிகர்களை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பதற்கான காரணமும் சுருங்கியது. 1950க்குப் பிறகு, கம்பெனி வீடு கலைந்து, நடிகர்கள் தத்தம் வீட்டிலிருந்து வந்து நடிக்கும் குழுக்களே எஞ்சின. அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன் உட்பட டி.கே.எஸ். சகோதரர்களின் பிற்கால நாடகங்கள் சென்னைச் சபாக்களிலும் கண்காட்சி மேடைகளிலும் நடந்தன. முகாம் போட்டு ஊரோடு வாழ்ந்த முறை முடிந்தது.

ஸ்பெஷல் நாடகம்

கம்பெனி இல்லாமலே கம்பெனி நாடகம் தொடர வழி ஒன்று அதற்கு முன்பே பிறந்திருந்தது. புகழ்பெற்ற நடிகர்கள் கம்பெனிக் கட்டுப்பாட்டைவிட்டு வெளியேறி, ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் பேசி நடிக்கத் தொடங்கினார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறோர் ஊரிலிருந்தும் வந்து மாலையில் மேடையருகே சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகள் எழுதிவைத்த பாடம் எல்லோருக்கும் பொது என்பதால் நேராக மேடையேறிவிடலாம். முன்பின் பார்த்திராத இருவர் வள்ளியும் வேலனுமாக மணிக்கணக்கில் தர்க்கம் பாடுவது இதனால்தான் முடிகிறது. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் வந்தது.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் உள்ள நாடக நடிகர் சங்கங்கள் இந்தத் தொழிலின் மையங்கள். கிராமத்துக்காரர்கள் சங்கத்துக்கோ ஏஜென்டிடமோ வந்து, எந்த நாடகம், எந்த நடிகர், எந்தத் தேதி என்று பேசி முன்பணம் தருகிறார்கள். செலவுக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பிரிப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் தனியாகவும் ஏற்றுக்கொள்வார்கள். நடிகர்களின் படமும் பெயரும் ஊரும் அச்சிட்ட நோட்டீஸ் சுவர்களில் ஒட்டப்படும். பழைய நோட்டீஸின் அடையாளங்கள் இன்றும் அதில் இருக்கின்றன.

பங்குனி முதல் ஆடி வரை அம்மன் கோயில், முனியாண்டி கோயில் திருவிழாக்கள் தொடர்ந்து வருவதால் அதுவே நாடகக் காலம். அந்த மாதங்களில் முன்னணி நடிகர்கள் ஓய்வில்லாமல் இரவுக்கு ஓர் ஊராகப் போவார்கள். மழை மாதங்களில் வேலை குறைந்துவிடும். திருவிழாக் காலத்தில் சேர்த்ததை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். மேடை பெரும்பாலும் கோயிலைப் பார்த்து இருக்கும். சாமி முன்னிலையில் நடப்பதாகக் கருத்து. இரவு பத்து மணி அளவில் பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். பபூன்–டான்ஸ் ஜோடியின் ஆட்டமும் பேச்சும் நடக்கும். அதன்பின் கதை தொடங்கி விடியும்வரை போகும். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கமும், அரிச்சந்திராவில் மயான காண்டமும் மக்கள் தூங்காமல் காத்திருக்கும் இடங்கள்.

இந்த நாடகங்களைத் தந்த சுவாமிகள் 1922 நவம்பர் 13ஆம் நாள், தம் சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது காலமானார். புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி வணங்குகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கம்பெனிகள் விட்டுச்சென்ற சீன்களும் நகைகளும் உடைகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கீற்றுக் கொட்டகைகள் இருந்த இடத்தில் கடைகளும் வீடுகளும் வந்துவிட்டன. நடிகர்களின் நினைவில் தங்கிய நாடக வரிசை மட்டும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. தென் மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் அந்த வரிசையிலிருந்துதான் இப்போதும் கிராமத்தார் தங்களுக்கு வேண்டிய நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.